டிராக்டர் டாங்கி எண்ணெயை எதுக்களிப்பதேன்?

டிராக்டர், பவர் டில்லர், ஆயில் எஞ்சின் முதலியவற்றை வைத்து விவசாயம் செய்யும் குடியானவர்கள் அனைவரும் இதைக் கண்டிருப்பார்கள். டாங்கியில் பாதிக்குமேல் இடமிருக்கும்போதே, ஊற்றிய டீசல் கழுத்து வழியே பொங்கித் திரும்பி வந்து, ஊற்றுகிறவருடைய கையிலும் எஞ்சின்மீதும் தெறிக்கிறது. அவசரமாய்ப் பால் குடித்த குழந்தை எதுக்களிப்பதைப் போன்றதே இது. அநேகர் இதை அற்ப விஷயமாய்ப் பாவித்து, ஒரு கந்தைத் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இவ்வாறு தெறிக்கும் எண்ணெயால் பணநஷ்டம் மட்டுமன்றி உயிருக்கே அபாயமும் நேரிடக்கூடும் என்பதையும், அதைத் தடுப்பதற்குச் சிறிது கவனத்தைத் தவிரப் பெருஞ்செலவு ஏதும் வேண்டியதில்லை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரில் கண்ட ஒரு சம்பவம்

சில வருஷங்களுக்கு முன் தை மாதத்தில், சம்பா அறுவடை மும்முரமாய் நடந்துகொண்டிருந்த ஒரு கிராமத்தில், ஒரு நிலச்சொந்தக்காரருடைய டிராக்டர் தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டுப் போனேன். வைக்கோல் ஏற்றிக்கொண்டு களத்திலிருந்து புறப்பட்ட டிராக்டரில் எண்ணெய் தீரும் தறுவாயிலிருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தாமதமாகுமென்று எண்ணி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் 20 லிட்டர் கேனைத் தூக்கி டாங்கியின் வாயில் கவிழ்த்தார். இரண்டு மூன்று லிட்டர் இறங்குவதற்குள் எண்ணெய் குபீரென்று எதிர்த்துப் பொங்கி, பக்கத்திலிருந்த சைலன்சர்க் குழாயின்மேல் கொட்டியது. புகை எழும்பிற்று, அடுத்த கணமே தீ பற்றிக்கொண்டது. அருகிலிருந்தவர்கள் வைக்கோல் டிரெயிலரைக் கழற்றி அப்பால் தள்ளி, மணலை வாரி இறைத்துத் தீயை அணைத்தார்கள். ஆயினும் டிரைவருடைய வலது முன்கை வெந்துபோயிற்று. எஞ்சினின் மின்கம்பிகளும் ரப்பர்க் குழாய்களும் கருகிப்போயின.

சொந்தக்காரர் மிகுந்த கோபத்துடன், "எண்ணெயைக்கூட ஒழுங்காய் ஊற்றத் தெரியாதவனுக்கு நான் ஏன் ஐயா சம்பளம் கொடுக்கவேண்டும்? இந்த நஷ்டத்தை அவன் கூலியில்தான் பிடிக்கப்போகிறேன்" என்றார். டிரைவரோ, கட்டுப் போட்ட கையுடன் ஒரு பக்கமாய் நின்று, "ஒரு மாதமாகவே இந்த டாங்கி எண்ணெயை வாங்கமாட்டேனென்கிறது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஐயா" என்றார். விசாரிக்க வந்திருந்த கிராம நிர்வாக அதிகாரிக்கு, யார்மேல் தவறென்று எழுதுவது என்பது விளங்கவில்லை.

டாங்கியின் கழுத்திலிருந்த சல்லடையை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் கண்கள் வைக்கோல் தூசியினாலும் கருநிறப் பிசினாலும் முக்கால்வாசிக்குமேல் அடைபட்டிருந்தன. அதில் ஒரு செம்பு டீசலை வார்த்தபோது, அது விளிம்புவரை நிரம்பி நின்று, சொட்டுச் சொட்டாகவே இறங்கியது. எஞ்சின் ஓடும்போது ஊற்றியது டிரைவருடைய பிழையே; அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் பொங்கியதற்குக் காரணம் அவருடைய கையன்று. நெடுநாளாய்க் கழுவப்படாத அந்தச் சல்லடையே. இதை அங்கிருந்தவர்களுக்கு விளக்குவதற்காக நான் செய்துகாட்டிய சோதனையையே இங்கும் முதலில் கூறுகிறேன்.

காலி டாங்கி காலியன்று

நாம் காலி என்று சொல்லும் டாங்கி உண்மையில் காலியாயிருப்பதில்லை. அது நிறையக் காற்று இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் உள்ளே போகவேண்டுமானால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தே ஆகவேண்டும். குடத்தைக் குப்புறக் கவிழ்த்துக் குளத்தில் அமுக்கினால் நீர் புகாமல் குடம் மேலே உந்துவதையும், சாய்த்து முக்கினால் காற்று களகளவென்று வெளிப்பட்டுக் குடம் நிரம்புவதையும் நம் பெண்டிர் தினந்தோறும் கண்டிருக்கிறார்கள். டாங்கியின் சங்கதியும் இதுவே.

ஓர் ஊறுகாய்ப் பாட்டிலின் வாயில் மெல்லிய குழலுள்ள ஒரு புனலை வைத்து, சுற்றிலும் இடுக்கில்லாதபடி ஈரக் களிமண்ணால் அடைத்துவிடவேண்டும். புனல் நிறையத் தண்ணீரைச் சடுதியாய் வார்த்தால், சிறிதளவு இறங்கியபின் தண்ணீர் தயங்கி நிற்கும். உள்ளேயிருந்து ஒரு காற்றுக்குமிழி கிளம்பும்போதெல்லாம் தண்ணீர் மேலே தெறிக்கும். பிறகு, களிமண்ணின் ஊடே ஒரு மெல்லிய பப்பாளி இலைக்காம்பை உள்ளே எட்டும்படி செருகினால், தயங்கி நின்ற தண்ணீர் தடையின்றித் தாரையாய் இறங்கிவிடும். அப்போது காம்பின் மேல்வாய்க்கு அருகில் சிறிது சாம்பலைத் தூவினால், வெளியேறும் காற்றினால் அது பறப்பதையும் காணலாம். தண்ணீரைத் தடுத்தது காற்று. காற்றுக்கு வழிவிட்டவுடன் தண்ணீருக்கும் வழி கிடைத்தது.

டிராக்டர் டாங்கியில் எண்ணெய் உள்ளே போவதும் காற்று வெளியே வருவதும் பெரும்பாலும் ஒரே கழுத்தின் வழியாகத்தான். ஒற்றை வண்டிப்பாதையில் எதிரெதிராய் இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் மற்றொன்று போகவேண்டும். ஊற்றும் வேகம் மிதமாயிருந்தால் காற்று ஓரமாய் ஒதுங்கி வெளியேறுகிறது. வேகம் மிகுந்தாலோ, வழி குறுகினாலோ, காற்று உள்ளே அகப்பட்டு நெருக்கப்பட்டு, முடிவில் எண்ணெயையும் தள்ளிக்கொண்டு ஒரேயடியாய் வெளியே பாய்கிறது. இதுவே நாம் காணும் எதுக்களிப்பு.

எதுக்களிப்புக்குரிய காரணங்கள்

1. சல்லடை அடைபடுதல்: கழுத்திலுள்ள சல்லடையில் தூசியும் பிசினும் படிந்தால், எண்ணெய் கீழே இறங்காமல் கழுத்திலேயே தேங்கும். தேங்கிய எண்ணெய் காற்றின் வழியையும் மூடிவிடும். வயலில் உழைக்கும் வண்டிகளில் அதிகமாய்க் காணப்படும் காரணம் இதுவே.

2. காற்றுக்குழாய் அடைபடுதல்: ஜீப், லாரி முதலியவற்றில் டாங்கி ஓரிடத்திலும் அதன் வாய் வேறிடத்திலும் இருக்கும். ஆகையால் காற்று வெளியேறுவதற்கென்றே டாங்கியின் மேற்புறத்திலிருந்து வாய்வரையில் ஒரு சிறு ரப்பர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அது மடங்கினாலும், நசுங்கினாலும், சேறு அடைத்தாலும், வண்டி எண்ணெயை வாங்காது.

3. ஊற்றும் வேகம்: பெட்ரோல் பங்குகளிலுள்ள சாதாரணப் பம்பு நிமிஷத்துக்குச் சுமார் 40 லிட்டரும், லாரிகளுக்கென்று அமைந்த பெரிய பம்பு அதைப்போல் இரட்டிப்புக்கு மேலும் தள்ளக்கூடும். அதே அளவு காற்றும் அதே நிமிஷத்தில் வெளியேறியாகவேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், சிறிய டாங்கி ஏன் பொங்குகிறதென்பது எளிதில் புலப்படும்.

4. நுரைத்தல்: டீசல் உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகமாய்ப் பாய்ந்தாலும், காற்றோடு கலந்து மோரைக் கடைந்தாற்போல் நுரைக்கிறது. நுரை கழுத்துவரை ஏறிவிட்டால் டாங்கி நிரம்பிவிட்டதுபோல் தோன்றும். நுரை அடங்கியபின் பார்த்தால் இன்னும் பல லிட்டருக்கு இடமிருக்கும்.

5. கேனைக் கவிழ்த்து ஊற்றுதல்: கேனுக்கும் இதே நியாயம்தான். எண்ணெய் வெளியே வர, காற்று அதனுள்ளே போகவேண்டும். ஒரே வாயுள்ள கேனை முழுவதும் கவிழ்த்தால், எண்ணெய் குபுக் குபுக்கென்று அலையலையாய்க் கொட்டும். ஒவ்வோர் அலையும் டாங்கியின் வாயை ஒரு கணம் மூடித் திறக்கும். இவ்வாறு கேனும் டாங்கியும் காற்றுக்காக ஒன்றோடொன்று போராடுகையில், எண்ணெய் வெளியே தெறிக்கிறது.

பம்பின் நாஸில் தானே நின்றுவிடுவது எப்படி?

பங்கிலுள்ள நாஸிலின் நுனியருகே ஒரு சிறு துவாரம் இருக்கிறது. எண்ணெய் ஓடும்போது நாஸிலுக்குள் ஒரு குறுகிய இடத்தைக் கடக்கிறது. குறுகிய இடத்தில் வேகம் மிகுந்து அழுத்தம் குறைவதால், அங்கே ஓர் உறிஞ்சல் உண்டாகி, அச்சிறு துவாரத்தின் வழியே காற்று இழுக்கப்படுகிறது. இத்தத்துவத்தை ஆராய்ந்த வெஞ்சூரி என்னும் இத்தாலிய சாஸ்திரியின் பெயராலேயே இது வழங்குகிறது. டாங்கியில் எண்ணெய் உயர்ந்து அத்துவாரத்தை மூடியவுடன் காற்று வருவது நின்று, உறிஞ்சல் பலப்பட்டு, உள்ளேயுள்ள மெல்லிய தகட்டை இழுத்து, வால்வை மூடிவிடுகிறது. நாம் கேட்கும் "டக்" என்னும் சத்தம் இதுவே.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். முதலாவது, பொங்கும் நுரையோ தெறிக்கும் எண்ணெயோ துவாரத்தை மூடினாலும் நாஸில் நின்றுவிடும். ஆகையால், டாங்கி நிரம்பாமலே அடிக்கடி நின்றால் பம்பைக் குறைசொல்வதற்குமுன் டாங்கியின் கழுத்தைச் சோதிக்கவேண்டும். இரண்டாவது, நாஸிலை உள்ளே செலுத்தாமல் வாயின் மேலேயே பிடித்துக்கொண்டால், துவாரம் எண்ணெயில் மூழ்குவதற்குள் டாங்கி வழிந்துவிடும். மூன்றாவது, மிக மெதுவாய் ஊற்றும்போது உறிஞ்சல் போதாமையால் நாஸில் தானே நிற்காமலும் போகலாம். அச்சமயத்தில் நம் கண்ணே காவல். பேரலிலிருந்து கைப்பம்பினால் ஏற்றும்போதோ தானே நிற்கும் ஏற்பாடு ஒன்றுமில்லை.

நின்றபின்னும் "இன்னும் கொஞ்சம்" என்று சிலர் பிடிவாதமாய் ஊற்றச் சொல்லுகிறார்கள். தரையில் சிந்தியதும் மீட்டரில் ஏறியதே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் 100 மில்லி வீதம், மாதம் 10 தடவை சிந்தினால், வருஷத்துக்கு 12 லிட்டர் டீசலை மண்ணுக்கு வார்த்தவர்களாகிறோம்.

டீசல் பற்றாது என்னும் தப்பெண்ணம்

பெட்ரோல்தான் அபாயம், டீசலில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும் என்று சொல்லுவோர் பலர். இது பாதி உண்மை. ஆதலால் முழுப் பொய்யைவிட அபாயகரமானது. பெட்ரோலின் ஆவி, உறைபனிக்கும் மிகக் கீழான குளிரிலேகூட, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். டீசலோ பற்றத்தக்க ஆவியைக் கிளப்புவதற்குக் கொஞ்சம் சூடேறவேண்டும். ஆனால் அந்தச் சூடு எவ்வளவு? நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கப்படும் டீசலுக்கு நிர்ணயமான குறைந்தபட்ச அளவு 35 டிகிரி செல்சியஸே. சித்திரை வெயிலில் நிற்கும் டிராக்டரின் டாங்கி இதைத் தாண்டுவது வெகு சாதாரணம்.

அன்றியும், சுமையிழுத்த எஞ்சினின் புகைபோக்கிக் குழாய் 400 டிகிரிக்கு மேலும் காய்ந்திருக்கும். அதன்மேல் டீசல் தெறித்தால், பொறியே இல்லாமலும் பற்றிக்கொள்ளக்கூடும். துணியிலும் வைக்கோலிலும் ஊறிய டீசல், விளக்குத் திரியில் ஊறிய எண்ணெய்போல் எளிதில் எரியும். அநேக டிராக்டர்களில் டாங்கி எஞ்சினுக்கு மேலேயோ வெகு அருகிலோ அமைந்திருப்பதால், எதுக்களித்த எண்ணெய் நேரே போய் விழும் இடம் இதுவே என்பதை ஒருபோதும் மறக்கலாகாது.

விளிம்புவரை நிரப்பலாகாது

எண்ணெய் சூட்டினால் விரிகிறது. 60 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 லிட்டர் பெருகும். பங்கில் பூமிக்குள் புதைத்த டாங்கியிலிருந்து வரும் எண்ணெய் குளிர்ச்சியாயிருக்கும். வயலில் வெயிலும், எஞ்சினிலிருந்து டாங்கிக்குத் திரும்பும் எண்ணெயின் சூடும் சேர்ந்து அதைக் காய்ச்சுகின்றன. விளிம்புவரை நிரப்பிய டாங்கியில், பெருகிய எண்ணெய் மூடியின் வழியே கசிவதைத் தவிர வேறு வழியில்லை. ஆதலால் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 லிட்டர் டாங்கியில் 3 லிட்டர் அளவுக்கு, இடம் விட்டு நிறுத்தவேண்டும்.

ஆனால், இதற்காக டாங்கியை அரையும் குறையுமாய் வைத்திருப்பது நன்றென்று எண்ணலாகாது. பாதி காலியான டாங்கிக்குள் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாய்ப் படியும். அந்த நீர் எண்ணெயின் அடியில் தங்கித் துருவையும் எஞ்சின் கோளாறையும் உண்டாக்கும். மாலையில் வேலை முடிந்து, எஞ்சின் ஆறியபின், மேற்கூறிய இடம் விட்டு நிரப்புவதே உசிதம்.

மூடியிலுள்ள சிறு துவாரம்

எண்ணெய் உள்ளே போகக் காற்று வெளியே வரவேண்டியதுபோலவே, எஞ்சின் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். இதற்காக மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. வேலையில்லாத மாதங்களில் குளவி மண்கூடு கட்டி இதை அடைத்துவிடுவதுண்டு. அப்போது வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் "உஸ்" என்ற சத்தத்துடன் காற்று புக, மறுபடி ஓடும். மூடி தொலைந்துவிட்டால் பாலிதீன் தாளைச் சுற்றிச் சணலால் கட்டுவது இதே கெடுதியை உண்டாக்கும். வெறும் துணியைத் திணித்தாலோ, அதுவே எண்ணெயை உறிஞ்சித் திரியாகிவிடும். சரியான மூடியை வாங்கிப் போடுவதே மலிவு.

கைக்கொள்ளவேண்டிய முறைகள்

1. எஞ்சினை நிறுத்தியபின்பே டாங்கியின் மூடியைத் தொடவேண்டும். புகைபோக்கிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்காதவரை ஆறவிட்டு ஊற்றுவது உத்தமம்.

2. பீடி, சிகரெட்டு, விளக்கு, களத்து நெருப்பு ஆகியவை அருகில் இருக்கலாகாது. வைக்கோல் பாரத்தை அப்புறம் விட்டுவிட்டு வந்து ஊற்றவேண்டும்.

3. வண்டியைச் சமதரையில் நிறுத்தவேண்டும். சரிவில் நின்றால் காற்று ஒரு மூலையில் அகப்பட்டுக்கொள்ளும்.

4. மூடியை மெதுவாய்த் தளர்த்தி, உள்ளேயுள்ள காற்று தணிந்தபின் முழுவதும் திறக்கவேண்டும். வெயிலில் நின்ற பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது மிகவும் முக்கியம்.

5. கேனிலிருந்து ஊற்றும்போது புனலை உபயோகிக்கவேண்டும். புனலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு சிறு குச்சியை வைத்தால் காற்றுக்கு வழி ஏற்படும். கேனின் வாய் மேற்பக்கமாய் இருக்கும்படி சாய்த்து ஊற்றினால், கேனுக்குள்ளும் காற்று தடையின்றிப் போகும்.

6. பங்கில் நாஸிலை முழுவதும் உள்ளே செலுத்தி, மிதமான வேகத்தில் ஊற்றச் சொல்லவேண்டும். ஒரு தடவை நின்றால் நுரை அடங்கும்வரை பொறுத்துப் பார்க்கலாம். டாங்கி நிரம்பியபின் மறுபடி ஊற்றுவது கூடாது.

7. சல்லடையை மாதத்துக்கொருமுறையும், அறுவடைக் காலத்தில் வாரத்துக்கொருமுறையும் எடுத்து, டீசலில் கழுவி உதறிப் போடவேண்டும். அடைபடுகிறதென்று அதைக் குத்திக் கிழிப்பதோ, எடுத்தெறிந்துவிடுவதோ எஞ்சினுக்கே கேடு.

8. சிந்திய எண்ணெயை உலர்ந்த மணலால் ஒற்றி எடுக்கவேண்டும். தண்ணீர் விட்டு வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கழுவிவிடலாகாது. எண்ணெய் ஊறிய துணியை வண்டியில் செருகி வைக்கலாகாது.

9. எண்ணெய் கண்ணில் தெறித்தால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரம் கழுவி வைத்தியரிடம் காட்டவேண்டும். பேரலிலிருந்து வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். தப்பித்தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது; அவ்வெண்ணெய் நுரையீரலில் புகுந்தால் பெருங்கேடு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்காக 30 லிட்டருக்கு மேற்படாத பெட்ரோலை லைசென்ஸின்றி வைத்துக்கொள்ளலாம். டீசலைப் பொறுத்தவரையில், எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல், மொத்தம் 2,500 லிட்டர்வரை லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆயினும் சட்டம் அனுமதிக்கும் அளவும் பத்திரமான இடமும் வெவ்வேறு விஷயங்கள். வைக்கோற்போரின் அருகிலும், சமையற்கட்டை ஒட்டிய கொட்டகையிலும் எண்ணெய்ப் பேரல் இருக்கக் கண்டால், அதிகாரிகள் நயமாய் எடுத்துச்சொல்லி இடம் மாற்றச் செய்வது ஊருக்கே நன்மை. தீ விபத்தை விசாரிக்கும்போது, ஊற்றியவர் யாரென்று கேட்பதோடு நில்லாமல், டாங்கியின் சல்லடை, காற்றுக்குழாய், மூடி இம்மூன்றையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வது நியாயத்துக்கு உதவும்.

முற்கூறிய கிராமத்தில், அந்த நிலச்சொந்தக்காரர் பாட்டிலும் பப்பாளிக் காம்பும் கொண்டு செய்த சோதனையைத் தாமே இரண்டாவது தடவை செய்து பார்த்தார். பிறகு அடைபட்ட சல்லடையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் சொன்னபோது நான் கேட்டிருக்கவேண்டும்" என்றார். கூலியில் பிடிப்பதென்ற பேச்சை விட்டுவிட்டு, வைத்தியச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். டிரைவரும், இனி ஓடும் எஞ்சினில் ஊற்றுவதில்லையென்று ஒப்புக்கொண்டார்.

ஆயுத பூஜையன்று டிராக்டரைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்துகிறோம். அன்றைக்கு அதன் சல்லடையையும் எடுத்துக் கழுவி, மூடியின் துவாரத்தை ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து தொடங்கினால், பிறகு மாதந்தோறும் செய்வது பழக்கமாகிவிடும். வண்டி ஓட்டுகிறவர் "டாங்கி எண்ணெயை வாங்கவில்லை" என்று சொன்னால், அதைச் சாக்கென்று தள்ளாமல் அன்றே கழுத்தைத் திறந்து பார்க்கும்படி சொந்தக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.